முஜீபைக் கொன்றது 71 போர் வளர்த்த ராணுவமா?

ஆற்றங்கரையான்:
71 போரில் பாகிஸ்தானிடமிருந்து பிரிந்த வங்கதேசத்தில் அரசு அமையுமுன்பே படை வந்துவிட்டது. 1971 மார்ச் 27இல் காலூர்காட் வானொலியில் விடுதலை அறிவிப்பை வாசித்தவர் மேஜர் ஜியாவுர் ரஹ்மான். 'நாட்டை வாங்கிக் கொடுத்ததே நாங்கள்தான்' என்ற நினைப்பு அப்போது ஏறியது, அப்புறம் இறங்கவே இல்லை. 1975 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் அதிபர் ஷேக் முஜீபுர் ரஹ்மானை டாக்கா தன்மண்டி வீட்டிலேயே சுட்டுக் கொன்ற மேஜர்களில் 71இல் போராடியவர்களும் உண்டு.

பழையபேப்பர்:
சரி, 1982இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி எர்ஷாத்? விடுதலைப் போர்ப் பக்கமே வராதவர் சார் அவர். மேற்கு பாகிஸ்தானில் மாட்டிக்கொண்டு 73இல்தான் ஊர் திரும்பினார். 1958இல் பாகிஸ்தானில் ஆட்சியைப் பிடித்த தளபதி அயூப் கானின் ராணுவத்தில் ஊறிய புத்தி அது. போர்மேல் பழியைப் போடாதீர்கள்.

ஆற்றங்கரையான்:
போராடிய அதிகாரிகளுக்கு 2 வருட சீனியாரிட்டி கொடுத்தார்களே, அது எதனால்? பாகிஸ்தானில் அடைபட்டுக் கிடந்து வந்தவர், நேற்றுவரை ஜூனியராக இருந்தவருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். போர் இல்லாமல் இந்தப் பகை எங்கிருந்து வரும்?

மழைக்கோட்டு:
இரண்டு பேரும் முஜீபைச் சுலபமாக விட்டுவிட்டீர்கள். 1972இலேயே ரக்கி பாஹினி என்று தனிப்படை; வாரண்ட் இல்லாமல் யாரையும் பிடிக்கலாம். ராணுவம் கடுப்பாகாமல் என்ன செய்யும்? 75 ஜனவரியில் ஒரே கட்சி ஆட்சி வேறு. ஓட்டுப் போட்டு மாற்றும் வழியை அவரே அடைத்தார்.

பழையபேப்பர்:
அந்தத் தனிப்படையும் உதவவில்லையே! முஜீபைக் கொன்ற மேஜர்களில் ஒருவரான ஃபாரூக் ரஹ்மான் அன்று ஓட்டிப்போனது எகிப்து பரிசாகக் கொடுத்த டாங்கிகள். பீரங்கியில் போட ஒரு குண்டு கிடையாது. அந்தக் காலி டாங்கிகளைப் பார்த்தே ரக்கி பாஹினி அசையாமல் நின்றது. ஊர் வெறுப்பைச் சம்பாதித்ததுதான் மிச்சம்.

ஆற்றங்கரையான்:
கர்னல் தாஹேர் கதைக்கு என்ன சொல்வீர்கள்? போரில் காலை இழந்தவர். 75 நவம்பர் 7இல் சிப்பாய்களைத் திரட்டி, காவலில் இருந்த ஜியாவுர் ரஹ்மானை வெளியே கொண்டுவந்தார். அடுத்த ஜூலையில் ஜியா கையில் அதிகாரம் இருந்தபோதே தாஹேரைத் தூக்கில் போட்டார்கள். இரண்டு பேரும் 71 போரில் செக்டார் கமாண்டர்கள், அதாவது ஆளுக்கொரு போர்ப் பகுதிக்குத் தளபதிகள். இதையும் அயூப் கான் கணக்கிலா எழுதுவீர்கள்?

பழையபேப்பர்:
தாராளமாக எழுதுவேன். சிறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு ராணுவத் தீர்ப்பாயம் நடத்திய விசாரணை அது. மார்ஷியல் லா என்ற ராணுவச் சட்ட ஆட்சி 71 களத்தில் கற்ற வித்தை இல்லை, பாகிஸ்தானில் 1958இலிருந்து பார்த்துப் பழகியது.