வீட்டுக் கணனியில் ரூட்கிட் புகாமல் தடுப்பது எப்படி?

வெள்ளவத்தையான்:

வணக்கம். மகளின் உயர்தரப் படிப்புக்காக, பாவித்த மடிக்கணனி ஒன்றைப் பம்பலப்பிட்டியில் வாங்கினேன். எட்டாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5. வின்டோஸ் 10ஐக் கடையிலேயே போட்டுத் தந்தார்கள். வீட்டில் திறந்து பார்த்தால், வின்டோஸுடனே வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டர் சோதிக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் சி டிரைவ் முழுவதுமே சேர்க்கப்பட்டிருக்கிறது. கேட்டதற்கு, அக்டிவேட் செய்யும்போது டிஃபென்டர் தொந்தரவு கொடுக்கும், அதனால் எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்றார்கள். அதை நீக்கி முழு ஸ்கேன் செய்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் தன்னை மறைத்துக்கொள்ளும் ரூட்கிட் வகைத் தீநிரல் ஸ்கேனின் கண்ணுக்கே தெரியாது என்று வாசித்த பிறகு நிம்மதி போய்விட்டது, ஏனெனில் வங்கிக் கணக்கையும் இதில்தான் பார்க்க வேண்டும். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினால் போதுமா?

கறுப்புத்திரை:

வணக்கம் அண்ணா. ஆன்டிவைரஸுக்கு இப்போதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். யூனிக்ஸில் முழு அதிகாரமும் உள்ள கணக்கின் பெயர் ரூட். அந்த அதிகாரத்தைக் கைப்பற்றியவர் அதைச் சத்தமின்றித் தக்கவைத்துக்கொள்ள உதவும் கருவிகளுக்கே ரூட்கிட் என்ற பெயர் வந்தது. வீட்டுக் கணனிகளில் அந்த அதிகாரத்தைப் பெரும்பாலும் நாமே "ஆம்" என்று அழுத்திக் கொடுத்துவிடுகிறோம். உங்களுக்காகக் கடைக்காரர் அழுத்தியிருக்கிறார்: டிஃபென்டரை ஒதுக்கிவிட்டு, உரிமமில்லாமல் வின்டோஸை அக்டிவேட் செய்ய எங்கிருந்தோ தரவிறக்கிய கிராக்கை நிருவாகி அனுமதியுடன் இயக்கியிருக்கிறார். அதற்குள் வேறென்ன இருந்தது என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

ஸ்கேன் மென்பொருள் ஓர் அடைவில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்று இயங்குதளத்திடம்தான் கேட்கிறது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலிலேயே குடியேறிய ரூட்கிட், அந்தப் பதிலிலிருந்து தன் கோப்புகளை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பும். ஆகவே வின்டோஸ் இயங்காத நிலையில் பார்க்க வேண்டும். டிஃபென்டரிலேயே ஒஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கணனியை மறுபடி தொடங்கி, ஏறத்தாழ 15 நிமிடங்களில் முடித்துவிடும்.

அதிலும் ஒன்றும் அகப்படாவிட்டாலும் நான் அந்த வின்டோஸை வைத்திருக்க மாட்டேன். வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. உங்கள் புரொசெஸர் வின்டோஸ் 11க்குப் போதும். நம்பிக்கையான வேறொரு கணனியில், மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்தே எடுத்து, 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் பிரதியை உருவாக்குங்கள். நிறுவும்போது பழைய பிரிவுகள் அனைத்தையும் அழித்துவிடுங்கள். ஆவணங்களையும் படங்களையும் தவிர எதையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். இன்னொன்று: வின்டோஸ் 10 உடன் விற்கப்பட்ட மடிக்கணனிகள் பலவற்றில் உரிம இலக்கம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். உங்களுடையதும் அப்படியானால், கிராக்குக்குத் தேவையே இருந்திருக்காது.

மூத்த நிரலாளர்:

தம்பி கறுப்புத்திரை சொன்னது சரி. ஆனால் அசல் என்றாலே பயமில்லை என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம், மக்கள் காசு கொடுத்து வாங்கிய அசல் இசைத்தட்டுகளிலேயே, பிரதியெடுப்பதைத் தடுக்கவென்று, தன்னை மறைத்துக்கொள்ளும் மென்பொருளைச் சேர்த்து விற்றது. அந்தக் கணனிகளில் $sys$ என்று பெயர் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணில் படாது என்பதை வின்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் வெளிப்படுத்தினார். அதன் பின் வேறு தீநிரல்களும் அதே பெயர்முறையைப் பயன்படுத்தி அந்த நிழலில் ஒதுங்கிக்கொண்டன.

மீண்டும் நிறுவுமுன், வின்டோஸுக்கு முன்பே மதர்போர்டிலிருந்து இயங்கும் பயோஸில் செக்கியூர் பூட் இயங்குகிறதா என்று பாருங்கள். தொடக்கக் கோப்புகளின் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்பே அது கணனியைத் திறக்கவிடும். அதற்கும் ஓட்டை உண்டு: 2022 ஜனவரியில் சரிசெய்யப்பட்ட ஒரு குறைபாட்டின் வழியே, பழைய கையொப்பமிட்ட கோப்புகள் இரத்துச் செய்யப்படாமல் இருந்ததால், பிளாக்லோட்டஸ் என்ற நிரல் புதுப்பித்த வின்டோஸ் 11இலும் நுழைந்ததை ஈசெட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். அதனால்தான் வின்டோஸ் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். மதர்போர்டின் சிப்பிலேயே பதுங்கி, வன்தட்டை அழித்தாலும் போகாத லோஜக்ஸ் போன்றவை 2018இல் அகப்பட்டன. அவை அரச நிறுவனங்களைக் குறிவைத்தவை, உங்கள் மகளின் பாடக்குறிப்புகளுக்காக எவரும் அவ்வளவு சிரமப்பட மாட்டார்கள். ஆயினும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள். பாதியில் மின்சாரம் நின்றால் மதர்போர்டுக்கே ஆபத்து. எனவே பற்றரியை நிரப்பி, சார்ஜரையும் செருகிக்கொண்டு செய்யுங்கள்.

பின்னர் வின்டோஸ் செக்கியூரிட்டியில், கேர்னலைப் பாதுகாக்கும் மெமரி இன்டெக்ரிட்டியை இயக்குங்கள். பழைய டிரைவர் (வன்பொருளை இயக்க உதவும் மென்பொருள்) ஏதாவது அதற்குத் தடையாக இருந்தால் டிரைவரைத்தான் நீக்க வேண்டும். கையொப்பம் இருந்தும் குறைபாடுள்ள டிரைவர்கள் வழியாகக் கேர்னலுக்குள் நுழைவது இப்போது வழமையாகிவிட்டது.

வெள்ளவத்தையான்:

இருவருக்கும் நன்றி. செக்கியூர் பூட் நிறுத்தப்பட்டுத்தான் இருந்தது. பயோஸைப் புதுப்பித்து, அதை இயக்கி, எல்லாவற்றையும் அழித்து வின்டோஸ் 11 போட்டுவிட்டேன். உரிமம் தானாகவே ஹோம் பதிப்பாக அக்டிவேட் ஆனது. கடைக்காரர் போட்டிருந்ததோ புரோ பதிப்பு, அதற்குத்தான் கிராக் போலும். மகள் ஏதோ விளையாட்டுக்கு மொட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கோப்புகள்) போட வேண்டும் என்று கேட்கிறாள். அவளையும் நிருவாகி ஆக்க வேண்டுமா?

கறுப்புத்திரை:

வேண்டாம் அண்ணா. அவளுக்குச் சாதாரணக் கணக்கே போதும்; நீங்களும் அன்றாட வேலைக்கு அப்படியொன்றையே வைத்துக்கொள்ளுங்கள். நிருவாகிக் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மொட் நிறுவும்போது டிஃபென்டரை நிறுத்தச் சொன்னால், அந்த மொட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.