செயின் வாள் எஞ்சினைக் கழற்றிப் பையில் தந்துவிட்டார்கள், வீட்டில் பூட்டலாமா?

தென்மராட்சியான்:
வணக்கம். வளவு வேலைக்கு வைத்திருந்த சின்னப் பெற்றோல் செயின் வாள், மாரிக்கு முதல் வேப்பங்கொப்பு வெட்டிக்கொண்டு நிற்கும்போது அப்படியே இறுகிவிட்டது, கயிறு இழுபடவே இல்லை. திருத்தக் கொடுத்தால், அந்தப் பெடியன் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, செலவழிக்கிற காசுக்குப் புதிதே வாங்கலாம் என்று அத்தனை சாமானையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுத் தந்துவிட்டான். பிஸ்ரனில் சைலன்சர் பக்கம் மட்டும் நீளக் கீறல், சிலிண்டரிலும் அதே பக்கம் அலுமினியம் ஒட்டியிருக்கிறது. புதுப் பிஸ்ரன், ரிங், கிராங் தண்டின் இரு பக்கமும் ஒழுகாமல் அடைக்கிற ஒயில் சீல் இரண்டு வாங்கிவிட்டேன். மோட்டார் சைக்கிள் வேலை ஓரளவு தெரியும், பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடுகிற இந்த ரூ ஸ்ரோக் எஞ்சினில் கை வைத்ததில்லை. சிலிண்டரைப் போரிங் பண்ணக் கொடுக்கவா? பையில் கஸ்கற் (மூட்டுக்கு நடுவில் வைக்கிற அடைப்புத் தாள்) ஒன்றுமே இல்லை, கீழ் மூடிக்கு என்ன போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பழைய ஸ்பனர்:
தம்பி, போரிங் கதையே எடுக்காதையுங்கோ. மோட்டார் சைக்கிள் மாதிரி இதற்குள் இரும்புக் குழல் இல்லை. அலுமினியச் சுவரின் மேல் மெல்லிய, கடினமான முலாம் பூசியிருக்கும், அதைக் கடைந்தால் சிலிண்டர் முடிந்தது. ஒட்டியிருக்கிற அலுமினியத்தை மட்டும் எடுக்க வேண்டும். கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அசிற்றைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவினால் நுரைத்துக் கரையும். நுரை நின்றதும் தண்ணீர் விட்டு வடிவாகக் கழுவி, உடனே காய வைத்து ஒயில் பூசுங்கோ. சைலன்சர் வாசல், அதாவது புகை வெளியே போகிற ஓட்டையின் ஓரத்தில் முலாம் இல்லாத வெறும் அலுமினியம் இருக்கும், அங்கே அசிற் போனால் அதையும் தின்னும். கையுறை, கண்ணாடி, வெளிக்காற்று மூன்றும் வேண்டும். கழுவின பிறகு நகத்தால் தடவிப் பாருங்கோ, நகம் எங்காவது தடக்கினால் முலாமே போய்விட்டது, வேறு சிலிண்டர் தேட வேண்டியதுதான்.

கஸ்கற் இல்லாதது சரிதான். ஸ்டில் எம்எஸ் 170, 180 மாதிரிச் சின்ன மெசின்களில் கிராங்கை (பிஸ்ரன் சுற்றுகிற தண்டை) சிலிண்டரின் அடியில் வைத்து, கீழே ஒரு தட்டை மூடி நாலு ஆணியால் இறுக்குவார்கள், நடுவில் பசை மட்டும்தான். 5200, 5800 என்று விற்கிற சீன மெசின்கள் வேறு மாதிரி, கிராங் பெட்டி இரண்டாகப் பிரியும், சிலிண்டருக்கு அடியில் கஸ்கற் வரும். பசை வாங்கும்போது பெற்றோலுக்கு நிற்கிற எஞ்சின் பசையாகக் கேட்டு வாங்குங்கோ. குளியலறைக்குப் பூசும் வெள்ளைச் சிலிக்கன் பெற்றோல் பட்டால் ஊறிக் கழன்றுவிடும். பழைய பசையை முழுதாகச் சுரண்டி, மெல்லிய கோடாகத் தட்டையான முகத்தில் மட்டும் இழுங்கோ.

பிஸ்ரன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் போகிற காடியில் ஒரு குட்டி ஊசி நிற்கும், ரிங்கின் இரண்டு நுனியும் அந்த ஊசியைக் கட்டிப்பிடித்து நிற்க வேண்டும். அது விலகினால் நுனி வாசலுக்குள் கொழுவி, முதல் இழுவையிலேயே ரிங் ஒடியும். பிஸ்ரனுக்கும் சிலிண்டருக்கும் ரூரீ ஒயில் (ரூ ஸ்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலில் கலக்கிற ஒயில்) தாராளமாகப் பூசி, ரிங்கை விரலால் அமத்தி, நேராகத் தள்ளுங்கோ, திருக வேண்டாம். பிஸ்ரனின் குறுக்கு ஊசியைப் பிடிக்கிற கிளிப் இரண்டும் புதிதாகப் போடுங்கோ, கிளிப்பின் திறந்த வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே. பக்கவாட்டில் வைத்தால் பிஸ்ரன் மேலும் கீழும் அடிக்கிற வேகத்தில் கிளிப் சுருங்கிக் கழன்று சிலிண்டரைக் கிழித்துவிடும். கிளிப் போடும் வேலையை ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டுச் செய்தால் நல்லது, பறந்தாலும் பைக்குள்தான் கிடக்கும்.

கீரிமலைக் காத்து:
புதிது வாங்கச் சொன்ன பெடியன் சொன்னதிலும் நியாயம் இருக்கு அண்ணை. ஆனால் 90களில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒரு கைப்பிடி எஞ்சினைக் குப்பையில் போடச் சொல்வது கொஞ்சம் ஓவர்தான்.

வலிகாமத்தான்:
ஸ்பனர் அண்ணை பூட்டுகிற விதத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார், ஆனால் இறுகினது ஏன் என்பதை யாரும் கேட்கவில்லை. கலவையில் ஒயிலே இல்லாமல் ஓடினால் கீறல் பெரும்பாலும் சுற்றிவர வரும். சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் சூடு கூடியிருக்கிறது, எங்கேயோ காற்று உள்ளே இழுபட்டுப் பெற்றோல் குறைந்து ஓடியிருக்கும் என்றுதான் நான் நினைப்பேன். சீல், காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வரும் ரப்பர், அடிப்பசை, இந்த மூன்றில் ஒன்று. அதைப் பிடிக்காமல் புதுப் பிஸ்ரன் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

கயிறு இழுக்க முதல் காற்றுப் பிடித்துப் பாருங்கோ. பசை காய ஒரு நாள் விட்டு, சைலன்சர் வாசலையும் காபரேற்றர் வாசலையும் சைக்கிள் ரியூப் துண்டு வைத்து இறுக்கி மூடுங்கோ, பிளக் ஓட்டையில் ஒரு குழாயைக் காற்றுப் போகாமல் பொருத்துங்கோ. கராஜில் அரை பார், அதாவது 7 பிஎஸ்ஐ அளவுக்கு அடித்துப் பார்ப்பார்கள். வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பந்தும் மீற்றரும் போதும், அதில் 300 என்றால் கிட்டத்தட்ட 0.4 பார். ஊசி இறங்கினால் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கோ, ஒழுகுகிற இடத்தில் குமிழி வரும். பிறகு அதே குழாயில் பெரிய சிரிஞ்சைப் பூட்டி இழுத்துப் பிடித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து விடுங்கோ, பிடி தானாக உள்ளே போக வேண்டும். அழுத்தத்துக்கு நிற்கிற சீல் சில நேரம் இழுவைக்கு நிற்காது, அதனால்தான் இரண்டும்.

தென்மராட்சியான்:
மிச்சம் நன்றி. அசிற் போட்டுக் கழுவியாச்சு, நகம் தடக்கவில்லை. காற்றும் நிற்கிறது. ஆனால் இப்போது வேறு பிரச்சினை: பிளக் ஓட்டைக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டால் படபடவென்று பிடித்து உடனே நிற்குது, ராங்கிலிருந்து பெற்றோல் வருவதாகவே தெரியவில்லை. காபரேற்றர் புதிது மாதிரித்தான் இருக்கு.

பழைய ஸ்பனர்:
அப்போ நெருப்பு இருக்கு, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில் சரி. (ஆனாலும் கொயிலுக்கும் பிளைவீலுக்கும் நடுவில் ஒரு விசிற்றிங் காட் வைத்துப் பாருங்கோ, 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர் போதும்.) இந்தக் காபரேற்றருக்குப் பெற்றோலை இழுத்துக் கொடுப்பது கிராங் பெட்டிக்குள் எழும்பி இறங்கும் காற்றுத் துடிப்பு. அந்தத் துடிப்பு வர ஒரு சின்ன ஓட்டையோ மெல்லிய குழாயோ இருக்கும். அநேகமாகப் பசை பிதுங்கி அதை அடைத்திருக்கும், இல்லாட்டிக் குழாய் கழன்றிருக்கும். காபரேற்றரைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டு அந்த ஓட்டையில் விரலை வையுங்கோ, காற்று ஊதி இழுப்பது விரலில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஊசியால் குத்தி உள்ளே தள்ளிவிடாமல், வெளியே கிளறி எடுங்கோ.

வலிகாமத்தான்:
கிளச் இறுக்கும்போது ஒன்று, மரை இடப்பக்கம், வழமைக்கு எதிராகத் திருப்பித்தான் இறுகும். பிஸ்ரனை நிறுத்தப் பிளக் ஓட்டையால் ஒரு கயிற்றுத் துண்டு விடுவதென்றால், பிஸ்ரன் சைலன்சர் வாசலைத் தாண்டி மேலே வந்த பிறகே விடுங்கோ, இல்லாட்டிக் கயிறு வாசலுக்குள் போய் வெட்டுப்படும். செயின் ஓடுகிற பார், செயின், பக்க மூடி பூட்டாமல் ஸ்ராட் பண்ண வேண்டாம். கலவை நல்ல ரூரீ ஒயில் என்றால் பெற்றோல் லீற்றருக்கு 20 மில்லி, சாதாரண ரூரீ ஒயில் என்றால் 40. முதல் ராங் முடியும்வரை முழு வேகத்தில் இழுத்துப் பிடிக்காமல், மெல்லிய கொப்புகளையே வெட்டுங்கோ.