பூம்புகாரா, தரங்கம்பாடியா?

குழு: கூடுதுறைச் சொந்தங்கள்

சுமதி: அரையாண்டு லீவுக்குப் பசங்களுக்குக் கடல் காட்ட வேண்டும். மகாபலிபுரம் போன வருசம்தான் போனோம். பழைய கோயில், கோட்டை இருக்கிற வேறு ஊர் சொல்லுங்க.

கார்த்தி: தரங்கம்பாடி போலாங்க அக்கா. டேனிஷ்காரர் கோட்டை கடலை ஒட்டியே இருக்கு. 1620ல கட்ட ஆரம்பிச்சது.

தனபால் மாமா: அந்தக் கோட்டைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலம், 1306. அலை அரித்து ஒரு பகுதி கடலுக்குள் போய்விட்டது. கட்டாயம் பாருங்கள். ஆனால் பூம்புகாரை விட்டுவிடாதே சுமதி.

நித்யா: பூம்புகார்ல என்னங்க மாமா இருக்கு? காலேஜ்ல போனப்ப கலைக்கூடம் பார்த்தோம், பீச் பார்த்தோம், வந்துட்டோம்.

தனபால் மாமா: எல்லாரும் அப்படித்தான் திரும்பி வருகிறார்கள் கண்ணு, எனக்கு அதுதான் ஆதங்கம். கலைக்கூடம் 1973இல் திறந்தது. கண்ணகி கதையைச் சிற்பமாகப் பார்க்கலாம், நல்லதுதான். ஆனால் பழைய பட்டினம் மண்ணுக்கடியில் கிடந்தது. கீழையூரில் தோண்டியபோது படகு கட்டுகிற செங்கல் துறை வெளியே வந்தது. அதில் நட்டிருந்த மரக்கம்பத்தைச் சோதித்து, கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் என்று கணித்தார்கள். பல்லவனேச்சரம் கோயில் பக்கம் புத்த விகாரையின் அடித்தளம் இருக்கிறது. புத்தர் பாதம் செதுக்கிய கல்லும் அங்கே கிடைத்தது. செங்கல் வரிசைதான் தெரியும், கோபுரம் மாதிரி எதிர்பார்க்காதீர்கள். பசங்களிடம் முன்பே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

சுமதி: சரிங்க மாமா. பெரியவன் பட்டினப்பாலை படிக்கிறான், அதுவும் இந்த ஊர்தானுங்களே?

தனபால் மாமா: அதேதான். கப்பலில் வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு மூட்டை, மேற்குமலைச் சந்தனம், அகில் எல்லாம் துறையில் குவிந்து கிடந்ததாம். சுங்கம் வாங்கிப் புலி முத்திரை குத்தி அனுப்புவார்களாம். யோசித்துப் பார், மிளகு மலையாளக் கரையில் விளைவது. சோழநாட்டுக்கு வண்டியில் வர பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி நம் கொங்கு வழியாக வருவதுதான் லேசான வழி. நொய்யல் கரையில் கொடுமணல் என்கிற பழைய ஊர் இருப்பதும் மலையாளக் கரை முசிறித் துறைமுகத்திலிருந்து கரூர் போகும் அந்தப் பெருவழியில்தான். அங்கே கல்மணி பட்டை தீட்டினார்கள், இரும்பு உருக்கினார்கள். அதனால்தான் நம் பசங்க அந்தத் துறையைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அப்புச்சி: ஏப்பா தனபாலு, நம்ம பவானி கூடுதுறைக் காவிரித் தண்ணிதான அங்க கடல்ல சேருது?

தனபால் மாமா: ஆமாங்கப்பா, காவிரி சங்கமம் அங்கேதான். ஆனால் டெல்டாவில் கிளை கிளையாகப் பிரிந்து, அங்கே சின்ன ஆறாகத்தான் கடலைத் தொடும்.

அப்புச்சி: அப்ப நானும் வர்றேன். முழுகிட்டு வரலாம்.

நித்யா: அப்புச்சி வந்தா நானும் வர்றேன் 🙏 திருவெண்காடும் பக்கம்தானுங்க மாமா?

தனபால் மாமா: பக்கம்தான். அந்த ஊரில் கிடைத்த ரிஷபவாகனர் செப்புத்திருமேனி, 1011ஆம் வருசத்தது, தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கிறது. திரும்பும்போது அதையும் பார்த்துவிட்டு வந்தால் மனசு நிறைந்துவிடும். மாட்டின் மேல் சாய்ந்து நிற்கிற பாவனை. மாடு மட்டும் இல்லை, ஆனாலும் அது இருக்கிற மாதிரியே தோன்றும்.

கார்த்தி: கோவை – மயிலாடுதுறை ஜனசதாப்தி இருக்கு. ஈரோட்டிலேயே ஏறலாம். அப்புச்சிக்குக் கார் வேண்டாம், ரயிலே நல்லது. மயிலாடுதுறையில வேன் எடுத்துக்கலாம்.

சுமதி: சரி, யார் யார் வர்றீங்க? பேரு, வயசு இன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்புங்க. கார்த்தி, நீயே டிக்கெட் போட்டுரு.