இலங்கையில் பறவை பார்க்க 9 இரவு: எங்கே எத்தனை நாள் தங்கலாம்?

தையல்சிட்டு (கோவை):

வணக்கம். பிப்ரவரி இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து கொழும்பு போகிறோம். இரண்டு பேர், 9 இரவு. இலங்கைக்கு மட்டுமே உரிய பறவைகள்தான் குறி. பட்டியலுக்குப் பட்டியல் ஒன்றிரண்டு மாறினாலும் 34 என்று வைத்துக்கொண்டால், 28 கிடைத்தாலே திருப்தி.

பயண முகவர் கொடுத்த திட்டம் இது: வில்பத்து 2, சீகிரியா 1, கண்டி 1, நுவரெலியா 1, யால 2, சிங்கராஜா 1, நீர்கொழும்பு 1. சிங்கராஜா மழைக்காட்டுக்கு ஒரே இரவு என்பது உறுத்துகிறது. மாற்றினால் எப்படி மாற்றுவது?

கையில் 10×42 பைனாகுலரும் 400 எம்எம் எஃப் 5.6 லென்ஸும் இருக்கின்றன. ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) தூக்கிக்கொண்டு வர வேண்டுமா? காட்டில் காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைக்கு என்ன ஏற்பாடு?

கரிச்சான்:

முகவர் கொடுத்தது யானை, சிறுத்தை பார்க்கிறவர்களுக்கான திட்டம். யாலவிலும் வில்பத்துவிலும் கிடைக்கும் பறவைகளில் பெரும்பாலானவை நம் ஊர்ப் பறவைகள்தான். பூநாரைக்கும் கரையோரப் பறவைகளுக்கும் கோடியக்கரை இருக்கிறது, அதற்குக் கடல் தாண்ட வேண்டாம். இலங்கைக்கே உரியவை தென்மேற்கின் ஈரக்காட்டிலும் மத்திய மலையிலும் குவிந்திருக்கின்றன. இரவுகளை அங்கே கொட்டுங்கள்:

கித்துல்கல 2, சிங்கராஜா (குடாவ வாயில்) 3, உடவளவை 1, நுவரெலியா 2, கண்டி 1.

வறண்ட பகுதிக்கு உடவளவையில் ஒரே இரவு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்ரீலங்கா வுட்ஷ்ரைக் என்ற பறவை ஈரக்காட்டில் கிடைக்காது. வறண்ட புதர்க்காடு வேண்டும். பூங்காவுக்குள் ஜீப் எடுக்காமலே வெளிச்சாலையோர மரங்களில் பிடித்துவிடலாம். சிங்கராஜாவிலிருந்து நுவரெலியாவுக்குச் சுற்றிப் போகும் வழியில் அது விழுகிறது என்பது கூடுதல் வசதி.

கித்துல்கலவில் களனி கங்கையைத் தாண்டி மக்கந்தாவ காட்டுக்குள் போக வேண்டும். செரண்டிப் ஆந்தைக்கு இதுவும் சிங்கராஜாவும்தான் நல்ல இடங்கள். 2001-இல் கண்டுபிடித்து 2004-இல் அறிவியல் பெயர் வைத்த பறவை. கொம்புத் தூவி இல்லாத சின்னச் செம்பழுப்பு ஆந்தை, பகலில் அடர்ந்த கீழ்ப்புதரில் உறங்கும். நீங்களாகத் தேடினால் கிடைக்காது. அன்று எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காலையிலேயே போய்ப் பார்த்துவைக்கிற உள்ளூர் ஆளைப் பிடிக்க வேண்டும். முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

சிங்கராஜாவில் மூன்று இரவு ஏன் என்றால், அங்கே பறவைகள் கலப்புக் கூட்டமாகத் திரியும். கூட்டம் வராத பாதையில் இரண்டு மணி நேரம் நடந்தாலும் காடு காலியாகத் தெரியும். வந்துவிட்டால் பத்து நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு வகை கடந்துபோய்விடும். முதலில் கேட்பது ஆரஞ்சு அலகுச் சிலம்பன்களின் ஓயாத சலசலப்பு. கூடவே கொண்டைக் கரிச்சானின் உரத்த குரல். இந்த இரண்டும்தான் கூட்டத்தை நடத்துகின்றன. சத்தம் கேட்டதும் சிலம்பன்களையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், அவை எப்படியும் கடைசிவரை இருக்கும். ஒருவர் தரைக்கும் இடுப்புயரத்துக்கும் இடையில் பாருங்கள், சருகைப் புரட்டிக்கொண்டு சாம்பல் தலைச் சிரிப்பான்கள் வரும். மற்றவர் மர உச்சியில் பாருங்கள், செம்முகப் பூங்குயில் கொடிகளுக்குள் அணில்போல ஊர்ந்து போகும். நடுமட்டத்தில் தீக்காக்கை உட்கார்ந்திருக்கும். அது நம் மலையிலும் உண்டு, அதில் நேரம் போக்க வேண்டாம். தவளைவாயனும் அப்படித்தான், கேரளத்தின் தட்டேக்காட்டில் பார்த்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அடையாளத்தில் இரண்டு இடங்களில் சறுக்கும். பச்சை அலகுச் செம்போத்து என்று எழுதிக்கொண்டு வருவதில் பல சாதாரணச் செம்போத்துதான். அலகைப் பார்க்காமல் எழுதாதீர்கள்: தந்தநிறத்தில் வெளிறிய பச்சையாக இருந்தால் அது, கறுப்பாக இருந்தால் நம் ஊர்க்காரர். மூங்கில் புதருக்குள் பதுங்குவதால் விடியற்காலையில் குரலை வைத்து இடம் குறித்து, வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்று மலை மைனா. இலங்கைக்கே உரியதற்குப் பிடரியில் மட்டும் மஞ்சள் தொங்குசதை. கண்ணுக்குக் கீழேயும் இருந்தால் மற்றது.

ஸ்பர்ஃபவுல் என்ற கோழி இனப் பறவை ஜோடியாகக் கூவுவதைத் தினமும் கேட்கலாம், காட்டுக்குள் பார்ப்பது அரிது. குடாவ பக்கம் சில வீட்டுத் தோட்டங்களின் பின்புறம் விடியும்போது வரும். எந்த வீடு என்று வழிகாட்டிக்குத் தெரியும்.

லயத்துக்குருவி (ஹட்டன்):

கரிச்சான் சொன்ன வரிசை சரி. வண்டி ஓட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வரைபடத்தில் தூரம் கொஞ்சமாகத் தெரியும், மலைப்பாதையில் சராசரி மணிக்கு 30 கிலோமீட்டர்தான். விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து கித்துல்கல 3 மணி நேரம். கித்துல்கலவிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, கலவானை வழியாகக் குடாவ மூன்றரை. அங்கிருந்து இறக்குவானை வழியாக உடவளவை 3 மணி நேரத்துக்கு மேல். உடவளவையிலிருந்து வெல்லவாய, பண்டாரவளை, வெலிமடை வழியாக நுவரெலியா 5 என்று வையுங்கள். இந்தப் பயணங்களை எல்லாம் காலை 10 மணிக்குமேல் வைத்துக்கொண்டால் பறவை நேரம் வீணாகாது.

சாரதியோடு வான் பிடியுங்கள். நீங்களே ஓட்டுவது மிச்சம் இல்லை. குடாவவில் டிக்கெட் கவுண்டருக்கு மேலே பாதை மோசம், அதற்கு உள்ளூர் ஜீப்தான். சிங்கராஜாவில் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவார்கள், பறவையின் ஆங்கிலப் பெயர் நன்றாகத் தெரியும். நுவரெலியா பக்கம் தமிழிலேயே சமாளிக்கலாம்.

தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். போயா தினம் (பௌர்ணமி) பொது விடுமுறை, சனி ஞாயிறோடு சேர்ந்தால் நுவரெலியா பக்கத்து ஹோர்ட்டன் சமவெளிப் பூங்கா நிரம்பி வழியும். டிசம்பர் போயாவிலிருந்து மே வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், வார இறுதியில் கித்துல்கல – ஹட்டன் ரோட்டில் பஸ் வரிசைதான். முகவரின் தேதிப்படி நுவரெலியாவுக்கு வார நாள் விழுகிறதா என்று எண்ணிப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு நாள் முன்னே பின்னே நகர்த்துங்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு நுவரெலியாவிலிருந்து அதிகாலை நாலரைக்குக் கிளம்புங்கள். பட்டிப்பொல கேட் 6 மணிக்குத் திறக்கும்போது முதல் வண்டியாக நிற்க வேண்டும். இலங்கைக்கே உரிய விசிலிங் த்ரஷ் என்ற பறவை, வெளிச்சம் வரும் அந்த முதல் அரை மணி நேரத்தில்தான் ஓடைக்கரையில் திறந்த இடத்துக்கு வரும். கேட்டைத் தாண்டி ரோட்டோரம் வருகிற அரெங்கா குளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் கேட்பது கீச்சென்ற மெல்லிய குரல், பிறகுதான் கறுநீல உருவம் தெரியும். ஏழு மணிக்கு வரிசையாக வண்டி வந்துவிட்டால் அதோடு சரி. அதற்குப் பிறகு டல்-ப்ளூ ஃப்ளைகேட்சர், மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, மலை வெள்ளைக்கண்ணி எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பாறை விளிம்பு வரை நடப்பது காட்சிக்காகத்தான், பறவைக்கு அல்ல.

கேட்டில் பையைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், போத்தல் லேபிளைக்கூடக் கிழிப்பார்கள். சாப்பாட்டைப் பாத்திரத்தில் கட்டுங்கள். பிப்ரவரியில் புல்லில் பனி உறைகிற காலைகளும் உண்டு, கையுறை வேண்டும்.

அன்றைக்குப் பின்னேரம் 4 மணிக்கு நுவரெலியா நகரத்து விக்டோரியா பூங்கா. ஓடையோரம் குப்பை சேர்கிற நிழலான மூலையில் நில்லுங்கள். பைட் த்ரஷ், ஆறுமணிக்குருவி, காஷ்மீர் ஃப்ளைகேட்சர் எல்லாம் அங்கேதான். அழகான மலர்ப்பாத்திகளில் ஒன்றும் இல்லை.

ஆள்காட்டி:

கருவிகளுக்கு. ஸ்கோப் வேண்டாம். காட்டுக்குள் விரிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை.

முடிந்தால் ஒரு 8×42 இரவல் வாங்குங்கள். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர். 10×42-இல் 4.2 தான். காலை ஆறரைக்குச் சிங்கராஜாவின் மர நிழலுக்கு அடியில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். காட்சிப்புலம் அகலம் என்பதால் ஓடும் கூட்டத்தில் பறவையைச் சட்டென்று பிடிக்கவும் முடியும்.

400 எஃப் 5.6 கொண்டு வரலாம், ஆனால் வெளிச்சம் குறைவால் ஐ.எஸ்.ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200, 6400 என்றுதான் போகும். ஏசி அறையில் இரவு முழுக்க வைத்த கேமராவை அப்படியே காட்டுக்கு எடுத்துப்போனால் கண்ணாடி வியர்த்து அரை மணி நேரம் எதுவும் தெரியாது. ஏசியைப் போடாதீர்கள், அல்லது பையை மூடியபடியே ஒரு மணி நேரம் முன்னதாக வராந்தாவில் வையுங்கள். இரவில் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

அட்டைக்கு முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த துணி உறை. பேன்ட்டின் மேலே இழுத்துக் கட்ட வேண்டும், உள்ளே விட்டால் பிரயோஜனம் இல்லை. சாதாரணக் கம்பளிச் சாக்ஸின் இழைக்குள் அட்டை நுழைந்துவிடும். கேமரா பையைத் தரையில் வைக்காதீர்கள், ஏறுவது அதன் வழியாகத்தான். டீட் கலந்த பூச்சி விரட்டி போட்டால் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு பைனாகுலரைத் தொடுங்கள். அது ரப்பர் உறையையும் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும்.

தையல்சிட்டு:

மூவருக்கும் நன்றி. கடைசி இரவுக்குக் கண்டி ஏன்? நுவரெலியாவில் இன்னொரு இரவு போட்டால் மழை வந்தாலும் சமாளிக்கலாமே? இன்னொன்று, ஆந்தைக்கும் ஸ்பர்ஃபவுலுக்கும் போனில் குரல் போட்டுக் கூப்பிடலாமா?

லயத்துக்குருவி (ஹட்டன்):

நுவரெலியாவிலிருந்து கட்டுநாயக்க ஐந்தாறு மணி நேரம், மண் சரிந்தாலோ யாத்திரை நெரிசல் வந்தாலோ விமானம் போய்விடும். கண்டியிலிருந்து மூன்று மூன்றரைதான். உங்கள் விமானம் இரவு என்றால் நீங்கள் சொன்னபடி நுவரெலியாவில் மூன்றாவது இரவு போடலாம். காலை விமானம் என்றால் கண்டிதான், முந்தைய நாள் மாலை உடவத்தக்கலே காட்டில் ஒரு நடை கிடைக்கும்.

கரிச்சான்:

குரல் போடாதீர்கள். அதே இரண்டு மூன்று ஜோடியைத்தான் ஒவ்வொரு குழுவும் தேடி வருகிறது. தினமும் குரல் கேட்டால் அந்த எல்லையையே விட்டுப் போய்விடும், அல்லது பதில் சொல்வதை நிறுத்திவிடும். வழிகாட்டியே போட முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், உறங்கும் ஆந்தைமேல் ஃப்ளாஷும் வேண்டாம். மூன்று இரவு கேட்டதே பொறுமையாக உட்காருவதற்குத்தான்.