பலாலி 2019இல் திறந்ததா, அதற்கு முன்பே இருந்ததா?

வசாவிளான்_பேரன்:
வணக்கம். நான் வளர்ந்தது ரொறன்ரோவில், அம்மாவின் ஊர் வசாவிளான். வாற வருடம் குடும்பமாக யாழ்ப்பாணம் போக இருக்கிறோம். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினால் பிறகு எட்டு மணித்தியாலம் ரோட்டில், அதனால் சென்னை வழியாகப் பலாலிக்கு வரலாம் என்று யோசனை. பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019இல் திறந்தது என்று எங்கும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அம்மா, தன் பெரியப்பா அந்தக் காலத்திலேயே பலாலியில் ஏறி மெட்ராஸ் போனவர் என்கிறா. எது சரி? சின்ன ஏரிஆர் விமானம் மட்டும் ஏன் வருகிறது?

கேகேஎஸ்_வாசி:
அம்மா சொன்னதுதான் சரி, தம்பி. பலாலியில் ஓடுபாதை போட்டது இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய விமானப்படை. அந்தக் கால இலங்கை விமான நிறுவனமான எயார் சிலோன் தன் முதல் சேவையை 1947 டிசம்பர் 10 அன்று தொடங்கியது; இரத்மலானையில் கிளம்பிய டகோட்டா விமானம் காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கித்தான் மெட்ராஸ் போனது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்கவே இன்னும் இரண்டு மாதம் இருந்தது! நாட்டின் விமான சேவை முதல் நாளே எங்கள் ஊரைத் தொட்டுப் போனதை எங்கள் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை, அது எனக்குப் பெரிய மனக்குறை.

தட்டிவான்:
இடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எண்பதுகளில் பலாலி படைத்தளமாகியது, 1990 ஜூனில் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் தரைவழி பூட்டு, கொழும்புக்குப் போவதென்றால் கப்பல், இல்லாவிட்டால் லயன் எயார் என்ற தனியார் நிறுவனத்தின் விமானம். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய அவர்களின் அன்ரனோவ் விமானம் மன்னார்ப் பக்கக் கடலில் விழுந்து 55 பேரும் போனார்கள், சிதைவுகளை 2012இல்தான் கடலடியில் கண்டெடுத்தார்கள். 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 நெடுஞ்சாலையைத் திரும்பப் பூட்டியதும் மறுபடி அதே நிலை. ரிக்கெற் இருந்தால் மட்டும் போதாது, போக அனுமதியும் எடுக்க வேண்டும். விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் பஸ்ஸில் யன்னல் திரையை இழுத்து மூடச் சொல்வார்கள். இடுக்கால் பார்த்தால் கூரை இல்லாத வீடுகள், நடு ஹோலுக்குள் வேப்பமரம் வளர்ந்து நிற்கும்.

பறவை_72:
இப்போதைய நிலவரம்: 2019 அக்டோபர் 17 திறப்பு, நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவை, அடுத்த மார்ச்சில் கொரோனாவோடு நின்றது. 2022 டிசம்பர் 12 அன்று திரும்பத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இன்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது, 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் விட்டார்கள். சின்ன விமானத்துக்குக் காரணம் ஓடுபாதைதான். 2019இல் செப்பனிட்டது 1,400 மீட்டர் அளவு, எழுபது பேர் ஏறும் ஏரிஆருக்கு அது காணும், ஏ320 போன்ற பெரிய ஜெட் விமானத்துக்குக் காணாது. நீட்டினால் கூடச் சனம் வரும், கட்டணமும் இறங்கும். அதைச் செய்யத்தான் வேண்டும்.

காணி_உறுதி:
நீட்டுங்கோ என்று சொல்வது சுகம், பறவை. 2013இல் பலாலி, காங்கேசன்துறைப் பக்கம் 6,381 ஏக்கர் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள், அதற்காகச் சனம் வழக்குக்கும் போனது, ரோட்டுக்கும் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், ஆனால் காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் வேலிக்கு வெளியே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் பெரிய விமானம் வரத்தான் விருப்பம். முதலில் காணிக்காரரோடு கதையுங்கோ, எடுக்கிற ஒவ்வொரு பரப்புக்கும் பதில் சொல்லுங்கோ, அப்புறம் நீட்டுங்கோ.

பறவை_72:
அதில் எனக்கு மறுப்பில்லை, காணிதான் முதல்.

வசாவிளான்_பேரன்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். சென்னையில் மாறும்போது ஏதும் கவனிக்க வேண்டுமா?

கேகேஎஸ்_வாசி:
ஓம். ரொறன்ரோ–சென்னை ஒரு ரிக்கெற், சென்னை–பலாலி வேறு ரிக்கெற் என்று எடுத்தால் சென்னையில் வெளியே வந்து பெட்டிகளை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டிவரும், ஆகவே இந்திய விசா எல்லோருக்கும் வேண்டும். சின்ன விமானத்தில் பொதி அளவும் குறைவு, ஏஜென்சியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கோ.