புதுப்பிப்பு: திருவாரூர் ஆழித்தேருக்கு எங்கே நிற்பது?

திருவாரூர்த் திருவிழாக்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதற்கு அதிகம் வந்த கேள்வி, "வயதானவர்களோடு வந்தால் ஆழித்தேரை, அதாவது தியாகராஜர் கோயிலின் பெரிய தேரை, எங்கிருந்து பார்ப்பது?" என்பதுதான்.

கீழ வீதியில் வடம் பிடிக்கும் நேரத்து நெரிசல் அவர்களுக்கு வேண்டாம். தெற்கு வீதியின் நடுப்பகுதி போதும். ஆனால் காலும் மனமும் ஒத்துழைப்பவர்கள் வீதி முனைக்கே போங்கள். தேர் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. அது திரும்புவதுதான் காட்சி! சக்கரத்தின் கீழே மசகு தடவிய இரும்புத் தகடுகளைப் போட்டு, முட்டுக்கட்டை கொடுத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருந்தாலும் முட்டுக்கட்டை போடுபவர்களின் கண்ணளவுக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

தேதி கேட்டவர்களுக்கு: பங்குனி மாத ஆயில்ய நட்சத்திர நாள் என்பது மரபு, அறநிலையத்துறை அறிவிப்பைப் பார்த்த பிறகே பயண டிக்கெட் எடுங்கள். தேரோடும் வீதிகளில் அன்று மின்சாரம் இல்லாமல் போகலாம், கைப்பேசியை முந்தைய இரவே சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

கூட்டமே ஆகாதென்றால் கோயில் குளமான கமலாலயத்தில் நடக்கும் தெப்பத் திருவிழாவுக்கு வாருங்கள். குளக்கரை பெரியது, உட்கார இடம் கிடைக்கும்.