ஸ்படிக மாலையும் செவ்வந்திக்கல்லும்: மண்ணில் விளைந்ததா, ஆலையில் வளர்த்ததா?

கேள்வி: திருமங்கலம்வாசி

அனைவருக்கும் வணக்கம். மீனாட்சியம்மன் கோயிலை ஒட்டிய கடை ஒன்றில் என் தாயாருக்கு ஒரு ஸ்படிக மாலை வாங்கினோம். மகளின் மோதிரத்தில் பதிப்பதற்காகத் தெற்காவணி மூல வீதியில் ஊதா நிறச் செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டையும் ‘ஒரிஜினல்’ என்கிறார்கள். கையில் வைத்தால் குளிர்ந்திருக்கும், இருட்டில் உரசினால் பொறி தெரியும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அடையாளங்கள் போதுமானவையா? உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் உழும்போது கிளம்பும் வெள்ளை வெங்கச்சங்கல்லும், ஸ்படிகம், செவ்வந்திக்கல் போலவே குவார்ட்ஸ் (சிலிக்காப் படிகம்) இனம்தான் என்று படித்தேன். அப்படியானால் இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

பதில்: கல் பதிக்கும் பட்டறைக்காரர்

ஐயா, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கையில் இருப்பது குவார்ட்ஸா, கண்ணாடியா என்பது ஒன்று. குவார்ட்ஸ்தான் என்றால் அது மண்ணில் விளைந்ததா, ஆலையில் வளர்த்ததா என்பது மற்றொன்று. குளிர்ச்சியும் பொறியும் முதல் கேள்விக்கு ஓரளவு உதவும். இரண்டாவதற்குச் சற்றும் உதவாது, ஏனெனில் ஆலையில் வளர்ந்த குவார்ட்ஸும் அதே அளவு குளிரும், அதே போல ஒளிரும்.

முதலில் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் மணியின் துளை ஓரத்தைப் பாருங்கள். கீறலைத் தாங்கும் வலிமையைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5. நாள்பட அணிந்த கண்ணாடி மணியில் பட்டைகளின் விளிம்பு மழுங்கியிருக்கும், உள்ளே உருண்டையான காற்றுக் குமிழ்கள் தென்படலாம்.

இதைவிட உறுதியானது அடர்த்திச் சோதனை. மணிகளைச் சரத்திலிருந்து கழற்றி எடை போடுங்கள். பிறகு நகைத் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, காட்டும் எடையைச் சுழியாக்கி, மணிகளை மெல்லிய நூலில் கட்டிக் குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் குவார்ட்ஸுக்கு 2.65 வரும். உருக்கிய குவார்ட்ஸ் என்று விற்கப்படுவது உண்மையில் கண்ணாடி, அதற்கு 2.2 தான் வரும். துளைக்குள் காற்று தங்கினால் கணக்குத் தவறும் என்பதால் மணிகளை நன்றாக அலசிய பின் தொங்கவிடுங்கள்.

மூன்றாவதாக, மடிக்கணினித் திரையை முழு வெள்ளையாக்கி, போலராய்டு குளிர்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி திரை கறுக்கும் வரை கண்ணாடியைத் திருப்புங்கள். இடையில் மணியை வைத்து மெல்ல உருட்டினால், குவார்ட்ஸில் வானவில் நிறப் பட்டைகள் எழும். ஒரு குறிப்பிட்ட திசை வரும்போது ஒன்றினுள் ஒன்றாக நிற வளையங்கள் தெரியும். கண்ணாடி இருண்டே இருக்கும், அல்லது மங்கலான நிழல் மட்டும் அசையும்.

பதில்: நிலவியல் ஆசிரியை, மேலூர்

பட்டறைக்கார அண்ணன் சொன்னவற்றில் மாலை தேறிவிடும் என்று நம்புகிறேன். செவ்வந்திக்கல்தான் கடினமானது.

ஆலையில் குவார்ட்ஸ் படிகத்தை யாரும் உருக்கி வார்ப்பதில்லை; உருக்கினால் அண்ணன் சொன்னபடி கண்ணாடிதான் கிடைக்கும். தடித்த எஃகுக் கலத்தின் அடியில் குவார்ட்ஸ் துண்டுகளையும் காரக் கரைசலையும் இட்டு, மேற்பகுதியில் வித்துத் தகடுகளை (படிகம் வளரத் தொடங்குவதற்கான மெல்லிய குவார்ட்ஸ் சீவல்களை) தொங்கவிட்டு, மிகுந்த அழுத்தத்தில் 350 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். கீழே கரையும் சிலிக்கா, சற்றே வெப்பம் குறைந்த மேற்பகுதியில் தகடுகளின் மீது படிந்து வளர்கிறது. இத்தாலியரான ஜார்ஜியோ ஸ்பெட்சியா 1900களின் தொடக்கத்திலேயே இதற்கு வழி காட்டினார். இரண்டாம் உலகப் போரில் வானொலிக் கருவிகளுக்குப் பிரேசில் நாட்டுப் படிகங்கள் மிகுதியாகத் தேவைப்பட்டதால் ஆராய்ச்சி விரைந்தது. இன்று குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தினுள் துடிப்பது ஆலைப் படிகமே. அதனால் ஆலைக் குவார்ட்ஸைப் போலி என்று சொல்ல மாட்டேன்; அதை மண்ணில் விளைந்தது என்று சொல்லி விற்பதே தவறு.

வேதியியலிலும் அடர்த்தியிலும் ஒளிவிலகலிலும் இரண்டும் ஒன்றே என்பதால், கல் வளர்ந்த வரலாற்றைத்தான் அதன் உள்ளே தேட வேண்டும். இயற்கைச் செவ்வந்திக்கல்லைத் தண்ணீரில் மூழ்க வைத்து வெள்ளைத் தாளின் மேல் பார்த்தால், பெரும்பாலும் ஊதா நிறம் கோணங்கோணமான பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். விரல்ரேகை போல் விரிந்த நுண்ணிய திரவத் துளிகளும் இருக்கலாம். ஆலைக் கல்லில் வித்துத் தகட்டுக்கு இணையான நேர்ப்பட்டைகளோ, ரொட்டித் தூள் போன்ற வெண்துகள்களோ தென்படலாம். எதுவுமே இல்லாத அப்பழுக்கற்ற கல்லாகவும் இருக்கலாம். இயற்கைக் கல்லில் வழக்கமாகக் காணப்படும் இரட்டைப் படிக அமைப்பும் (ஒரே கல்லில் படிகப் பகுதிகள் வெவ்வேறு அமைவில் பிணைந்து வளர்ந்திருப்பது) ஐயத்தை முற்றிலும் தீர்ப்பதில்லை, ஏனெனில் அவ்வமைப்போடு வளர்த்த ஆலைக் கற்களும் உண்டு. அகச்சிவப்பு நிறமாலை எடுக்கும் ஆய்வகத்தில்தான் நம்பத்தக்க விடை கிடைக்கும். நீல நிறத்தில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை: பளீரென்ற நீலத்தில் தெள்ளத்தெளிவான குவார்ட்ஸைக் காட்டினால், கோபால்ட் சேர்த்து ஆலையில் வளர்த்தது என்றே கொள்ளுங்கள்.

வகைகளைப் பொறுத்தவரை, சிலிக்காவுக்குள் நுழைந்த சிறிதளவு வேற்றுப் பொருளே நிறத்தைத் தீர்மானிக்கிறது. இரும்பும் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்தால் ஊதா. அலுமினியமும் கதிர்வீச்சும் சேர்ந்தால் புகை நிறம். சந்தையிலுள்ள சிட்ரினில் (மஞ்சள் நிறக் குவார்ட்ஸ்) பெரும்பகுதி செவ்வந்திக்கல்லைச் சூடேற்றிப் பெற்றது. அது ஆலையில் வளர்த்ததன்று, இயற்கைக் கல்லுக்குச் செய்த பக்குவம், ஆயினும் விற்பவர் சொல்லியாக வேண்டியது. உங்கள் காட்டு வெங்கச்சங்கல், பாறை வெடிப்புகளில் சுடுநீர்க் கரைசலிலிருந்து படிந்து உண்டான குவார்ட்ஸ். கணக்கற்ற நுண்திரவத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெளுத்திருக்கிறது. கீழடியில் கிடைத்த சூதுபவள மணிகளும் அகேட் மணிகளும் இதே குடும்பம்தான், ஆனால் அவை கண்ணுக்குப் புலப்படாத நுண்படிகங்களின் திரள். திரைச் சோதனையில் அவை வளையம் காட்டுவதில்லை. எப்படித் திருப்பினாலும் வெளிச்சமாகவே இருக்கும்.

திருமங்கலம்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. மாலையின் 54 மணிகள் 36.9 கிராம்; தண்ணீரில் தொங்கவிட்டபோது தராசு காட்டியது 13.9. வகுத்தால் 2.65 வருகிறது. திரைச் சோதனையில் வளையங்களும் தெரிந்தன. ஊதாக் கல்லை லென்ஸில் பார்த்தேன். பட்டையோ துகளோ இல்லை, எங்கும் ஒரே நிறமாக இருக்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்புவது அவசியமா?

கல் பதிக்கும் பட்டறைக்காரர்

மாலை குவார்ட்ஸ்தான், ஐயா. நிறமற்ற இயற்கைப் படிகம் மலிவாகவே கிடைப்பதால் அதை மேலும் துருவ வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஊதாக் கல்லைப் பொறுத்தவரை, சிறிய கல்லுக்குச் சோதனைக் கட்டணம் கல்லின் விலையையே மிஞ்சிவிடக்கூடும். ஆகவே ‘இயற்கைச் செவ்வந்திக்கல்’ என்றும், காரட் எடையையும், செய்த பக்குவம் ஏதுமிருந்தால் அதையும் பில்லில் எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் ஆலைக் கல்லுக்குரிய விலையை மட்டும் கொடுங்கள், அல்லது நிறப்பட்டை தெளிவாகத் தெரியும் வேறொரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். மோதிரத்தைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து முடித்த பிறகே கல்லைப் பதிக்கச் சொல்லுங்கள். பிற்பாடு அளவு மாற்ற நேர்ந்தாலும் கல்லைக் கழற்றிய பின்னரே நெருப்புக் காட்ட வேண்டும், ஏனெனில் கடும் சூட்டில் ஊதா நிறம் வெளுத்துவிடும்.